பெல்லட் பர்னர் ஸ்டோரில் சூடு மீறினால், தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன்

நீங்கள் கேட்டது இது: உடும்பன்சோலைப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர் (பச்சைக்காயை உலர்த்தும் கட்டடம்), பழைய விறகு அடுப்பின் வாயிலேயே பெல்லட் பர்னரை (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளை எரிப்பது) பொருத்தியிருக்கிறீர்கள், தெர்மோஸ்டாட்டில் 50 வைத்தாலும் விடியற்காலையில் ரூம் 62, 63 என்று ஏறிவிடுகிறது, காய் பச்சை போய் மஞ்சளடிக்கிறது, தெர்மோஸ்டாட்டை இரண்டு முறை மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது, எந்தக் கம்பெனி வாங்கினால் சரியாகும் என்று. கேள்வி கம்பெனியைப் பற்றி இருந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, தெர்மோஸ்டாட் 50 என்று சொன்ன பிறகும் தீ ஏன் அடங்கவில்லை என்பதுதான். புது தெர்மோஸ்டாட்டை இப்போதைக்கு வாங்க வேண்டாம். இரண்டு வெவ்வேறு தெர்மோஸ்டாட் ஒரே மாதிரி கெட்டுப்போவது ரொம்ப அபூர்வம், ஆகவே கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது, இல்லாவிட்டால் பின்னால் இருக்கிறது.

நான் போடியில் இருந்துகொண்டு போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு வரையும், அந்தப் பக்கம் கம்பம், குமுளி வழியாகவும் ஸ்டோர்களுக்கு கன்ட்ரோல் பேனல் வேலை செய்கிறவன். விறகு ஸ்டோர் காலத்திலிருந்தே பார்க்கிறேன். உங்கள் பேனலை நேரில் பார்க்கவில்லை, அதனால் இதுதான் கோளாறு என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. ஆனால் எந்த வரிசையில் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும் என்று சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். 62 என்று எதில் பார்த்தீர்கள் என்று எழுதவே இல்லை. தெர்மோஸ்டாட்டின் திரையிலேயே 62 காட்டியதா, இல்லை திரையில் 50 இருக்க, தனியாக மாட்டியிருந்த தெர்மாமீட்டரில் 62 இருந்ததா? இந்த இரண்டும் இரண்டு வேறு நோய். ஆகவே இன்று ராத்திரி செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. நல்ல தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து, தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனை எங்கே இருக்கிறதோ அதை ஒட்டியே, ஒரு விரல் இடைவெளியில் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். கதவுப் பக்கமோ ஜன்னல் பக்கமோ அல்ல, அதே இடத்தில். பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரையில் உள்ளதையும் தெர்மாமீட்டரில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் பெல்லட் தள்ளும் ஸ்க்ரூ சுற்றுகிறதா இல்லையா என்பதையும் சேர்த்து. ஒரு லோடு காய் காய்ந்து முடியும்வரை இப்படி எழுதினாலே பாதி கோளாறு தாளில் தெரிந்துவிடும்.

திரை 50, தெர்மாமீட்டர் 57 அல்லது 60 என்று வந்தால் தெர்மோஸ்டாட் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, சென்சார்தான் அதற்குப் பொய் சொல்கிறது. இதில் நான் அதிகம் பார்ப்பது சென்சார் வகை மாறிப்போவது. தெர்மோகப்பிள் என்பது இரண்டு உலோக வயர்களை முனையில் சேர்த்த சென்சார், சூட்டுக்கேற்பச் சின்ன வோல்ட் கொடுக்கும். கே டைப் தெர்மோகப்பிளும் ஜே டைப் தெர்மோகப்பிளும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கே டைப் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கொடுக்கும், ஜே டைப் 52-ஐ ஒட்டிக் கொடுக்கும். உள்ளே இருப்பது கே, தெர்மோஸ்டாட்டின் செட்டிங்கில் இருப்பது ஜே என்றால், வருகிற வோல்ட்டை அது குறைத்தே படிக்கும். பேனல் இருக்கும் இடம் 25 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், திரையில் 50 காட்டும்போது உள்ளே 57 இருக்கும். சூடு ஏற ஏற இந்த இடைவெளியும் கூடும். புது தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டுகிறவர் பெரும்பாலும் பழைய சென்சாரை அப்படியே விட்டுவிடுவார், வகையைப் பார்த்து செட்டிங்கை மாற்ற மாட்டார். இரண்டு தடவை மாற்றியும் அதே கோளாறு திரும்பி வருகிறது என்றால் என் மனசு முதலில் இங்கேதான் போகும்.

இதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம். ஒரு டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சென்சார் முனையை அதில் சில நிமிஷம் வையுங்கள். திரை 0 அல்லது 1 காட்ட வேண்டும். அப்புறம் கொதிக்கிற தண்ணீரில், பாத்திரத்தின் அடியைத் தொடாமல் முனையைப் பிடியுங்கள். கடல் மட்டத்தில்தான் தண்ணீர் 100-ல் கொதிக்கும், நம்ம மலையில் 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும், அதனால் உங்கள் ஸ்டோர் 1000 மீட்டர் உயரத்தில் இருந்தால் 97-ஐ ஒட்டி வர வேண்டும், அதைப் பார்த்து சென்சார் 3 டிகிரி தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஐஸில் 5, 6 காட்டி, கொதிநீரில் 80 சொச்சத்தில் நின்றால் கே-ஜே குழப்பம்தான், செட்டிங்கை மாற்றினால் வேலை முடிந்தது. இரண்டு இடத்திலும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால், சென்சார் திருத்தம் என்று மெனுவில் இருக்கும் ஆஃப்செட்டை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் சரியாகக் காட்டினால் சென்சாரும் செட்டிங்கும் நல்லது, அதை மாட்டியிருக்கும் இடமோ அதிலிருந்து வரும் வயரோதான் தப்பு. சோதனையை சென்சார் வழக்கமான வயரோடு இணைந்திருக்கும்போதே செய்யுங்கள்.

வயர் என்று சொன்னதால் ஒன்றை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். பேனலை வெளி வராந்தாவுக்கு மாற்றும்போது தெர்மோகப்பிள் வயர் எட்டாது, உடனே கையில் இருக்கிற சாதாரண செம்பு வயரை முறுக்கி ஒட்டுப்போட்டு, கறுப்பு டேப்பைச் சுற்றி விட்டுவிடுவார்கள். தெர்மோகப்பிள் அளப்பது, அதன் முனைக்கும் அந்த வயர் முடிகிற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். ஒட்டுப்போட்ட இடம் பேனலைவிடச் சூடான இடத்தில் இருந்தால், எத்தனை டிகிரி சூடோ அத்தனை டிகிரி திரையில் குறையும். போன சீசனில் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஸ்டோரில் இதே போலத் திரை 48-லேயே நின்றது, உள்ளே கையை வைக்க முடியவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் ஒட்டு சரியாக அடுப்புக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே வரும் ஓட்டைக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது, டேப் இளகிப் பிசின் மாதிரி வழிந்து, தூசி ஒட்டிக் கெட்டியாகியிருந்தது. தீ கூடக்கூட அந்த இடமும் சுடும், ஒட்டும் சுடும், திரையில் எண் ஏறாது, எண் ஏறவில்லையே என்று ஸ்க்ரூ இன்னும் பெல்லட்டைத் தள்ளும். தெர்மோகப்பிளுக்கென்று விற்கிற காம்பன்சேட்டிங் கேபிளை, அதுவும் அதே வகைக்குரியதை, பிளஸ் மைனஸ் பார்த்துப் போட்டதும் சரியாகிவிட்டது. ஐஸ் சோதனையை அடுப்பு ஆறியிருக்கும்போது செய்தால் இந்தக் கோளாறு தெரியாது என்பதையும் மனசில் வையுங்கள், ஒட்டு இருக்கிறதா என்று வயரைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்ப்பதுதான் வழி. உங்களுடையது பிடி 100 சென்சார் (பிளாட்டினக் கம்பியின் மின்தடையை வைத்துச் சூட்டை அளப்பது) என்றால் கதை மாறும். அதில் ஒட்டு தளர்ந்தால் பெரும்பாலும் தடை கூடி எண் அதிகமாகக் காட்டும், அதாவது தீ சீக்கிரமே அணையும், ரூம் சூடாகாது. உங்கள் கோளாறு அதற்கு நேர் எதிர், ஆகவே பிடி 100 ஒட்டை முதலில் சந்தேகப்பட வேண்டியதில்லை.

சென்சார் இருக்கும் இடத்தைப் பற்றி. காற்று உள்ளே வரும் ஓட்டைக்குப் பக்கத்திலோ, கதவுக்கு அருகிலோ, வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டோ இருந்தால் அது ரூமை அளக்கவில்லை, அந்தக் குளிரை அளக்கிறது. இன்னொன்று, சிலர் காயின் சூட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று முனையைத் தட்டில் காய்க்கு நடுவே செருகி வைக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் பச்சைக்காயின் ஈரம் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துபோகும், காற்று 50-க்கு மேல் போனாலும் ஈரத்துக்குள் இருக்கும் முனை அதைவிட நன்றாகக் குறைத்தே காட்டும். சென்சார் காயைத் தொடாமல், சூடான காற்று முதலில் படுகிற தட்டுக்குப் பக்கத்தில், காற்றோட்டத்தில் தொங்க வேண்டும். தூரத்துத் தட்டில் 50 வரவேண்டும் என்று சென்சாரை அங்கே கொண்டுபோய் வைத்தால், முதல் தட்டுக் காய்தான் அதற்குப் பலி.

சரி, அடுத்தது. திரையிலேயே 62 காட்டுகிறது என்றால் சென்சாருக்கு உண்மை தெரிந்திருக்கிறது, அதன் பேச்சை யாரும் கேட்கவில்லை. 50-ஐத் தாண்டியதும் தெர்மோஸ்டாட்டில் அவுட்புட் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணையவில்லை என்றால் செட்டிங்கில் ஹீட் என்று இருக்க வேண்டியது கூல் என்று மாறியிருக்கலாம், அப்படியிருந்தால் சூடு ஏறினால்தான் அவுட்புட் போடும். விளக்கு அணைந்தும் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தால் தெர்மோஸ்டாட்டின் மேல் பழி இல்லை. தெர்மோஸ்டாட்டிலிருந்து பர்னர் போர்டுக்குப் போகிற இரண்டு வயரையும் பவரை ஆஃப் செய்துவிட்டு, அடுப்பு ஆறிய நேரத்தில், போர்டுப் பக்கத்தில் கழற்றுங்கள். கழற்றிய பிறகு ஆன் செய்தால் பர்னர் தீ மூட்டக்கூடாது. அப்போதும் ஸ்க்ரூ சுற்றினால், போர்டில் அந்த இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரு சின்ன வயர்த் துண்டு பாலம் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமலும் ஓடட்டும் என்று பல பர்னர்களை இந்த ஜம்பர் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், தெர்மோஸ்டாட் மாட்டும்போது அதை எடுத்துவிட வேண்டும், எடுக்காமல் விட்டால் நீங்கள் பத்து தெர்மோஸ்டாட் மாற்றினாலும் பர்னருக்கு எப்போதும் ‘எரி’ என்றுதான் கேட்கும். ஜம்பரும் இல்லை, பர்னர் கையால் ஓட்டும் மேனுவல் நிலையிலும் இல்லை, ஆனாலும் சுற்றுகிறது என்றால் ஸ்க்ரூ மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் காண்டாக்ட் இல்லாத மின்னணு ரிலே) என்றால் அது கெடும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் கெடும், அதாவது எப்போதும் ஆனிலேயே நிற்கும். விலை பெரிதில்லை, மாற்றிவிடலாம்.

இனி மூன்றாவது வகை. திரையும் தெர்மாமீட்டரும் ஒத்துப்போகின்றன, 50-ல் ஸ்க்ரூவும் நிற்கிறது, ஆனாலும் ரூம் 60-ஐத் தாண்டுகிறது. நீங்கள் ‘விடியற்காலையில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையால் இதற்கும் வாய்ப்பு கணிசமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். பறித்த காயில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். 100 கிலோ பச்சைக்காய் போட்டால் காய்ந்து வருவது 22 கிலோவை ஒட்டி, மீதி 78 கிலோவும் ஆவியாகப் போக வேண்டிய தண்ணீர். அவ்வளவு தண்ணீரை ஆவியாக்க மட்டுமே ஏறக்குறைய 50 யூனிட் கரன்ட்டுக்குச் சமமான சூடு செலவாகும், கிலோவுக்கு 4000 கிலோகலோரி உள்ள பெல்லட்டில் கணக்குப் பார்த்தால் 11, 12 கிலோ, சுவர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போவது தனி. சாயங்காலம் காய் ஈரமாக இருக்கும்போது பர்னர் கொடுக்கும் சூட்டை இந்தத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, அதனால் ரூம் சாதுவாக 50-ல் நிற்கும். விடிகிற நேரத்துக்கு உறிஞ்சத் தண்ணீர் இல்லை. அதே தீ, அதே ஸ்க்ரூ வேகம், ஆனால் சூடு முழுக்கக் காற்றுக்கே போகிறது. காய் தன் பச்சையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கடைசிக் கட்டத்தில் போய் இது நடப்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதோடு பெல்லட் தீ, சுவிட்சைத் தட்டியதும் நிற்கிற மின்சார ஹீட்டர் கிடையாது. ஸ்க்ரூ நின்ற பிறகும் பர்னர் கிண்ணத்தில் கிடக்கும் பெல்லட் எரிந்து முடிய வேண்டும், அதற்குப் பல நிமிஷம் ஆகும். நீங்கள் பழைய விறகு அடுப்பில் பொருத்தியிருப்பதால் அந்தச் செங்கல்லும், ரூமுக்குள் ஓடுகிற இரும்புக் குழாயும் வாங்கி வைத்திருக்கிற சூட்டை அப்புறமும் விட்டுக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில் எந்தக் கம்பெனி தெர்மோஸ்டாட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அது நிறுத்தச் சொன்ன பிறகு வருகிற சூடு இது. இதற்கு மருந்து, தீயையே சின்னதாக்குவது. பர்னரில் ஸ்க்ரூ எத்தனை விநாடி சுற்ற வேண்டும், எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று செட்டிங் இருக்கும், பாதி ராத்திரிக்கு மேல் சுற்றும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், காற்று ப்ளோயரையும் அதற்கேற்பக் குறையுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் தீ மந்தமாகிப் புகையும், கிண்ணத்தில் சாம்பல் கட்டியாகும், அதனால் ஒரு மாற்றம் செய்தால் அரை மணி நேரமாவது பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். பர்னரில் ஹை, லோ என்று இரண்டு தீ இருந்தால் தெர்மோஸ்டாட்டை இரண்டுக்கும் நடுவே மாற்றும்படி இணைப்பதைவிட, கடைசிக் கட்டத்தில் லோவிலேயே பூட்டி வைப்பது எனக்குப் பிடித்த முறை. லோவிலும் ரூம் ஏறினால் பர்னர் உங்கள் ஸ்டோருக்குப் பெரியது. அப்போது ஆவி போகும் மேல் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமாளிக்கலாம், பெல்லட் செலவு கூடும், காய் தப்பிக்கும்.

முதல் லோடு பெல்லட்டில் நன்றாக ஓடி, புது லோடு வந்த பிறகுதான் இப்படி என்றால் பெல்லட்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். நீளம் குறைந்த பெல்லட் ஸ்க்ரூவுக்குள் நெருக்கமாக அடையும், அதே சுற்றுக்கு அதிக எடை உள்ளே போகும். இது பெரும்பாலும் 2, 3 டிகிரி வித்தியாசம்தான் தரும் என்பது என் அனுபவம், 12 டிகிரிக்கு இதை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது: காய்க்கு 45-க்கும் 55-க்கும் நடுவே இருக்கும்வரை பச்சைக்கு ஆபத்து குறைவு, 60-ஐத் தாண்டி நின்றால் நிறம் போகும், தோல் வெடிக்கும், வாசனை எண்ணெயும் கூடவே போகும். போடியிலோ புற்றடியிலோ ஏலத்துக்குக் கொண்டுபோனால் 8 எம்எம் பருமனுள்ள பெரிய காயாக இருந்தாலும் நிறத்தைப் பார்த்தே விலை இறங்கிவிடும். உறுதியாகச் சொல்ல முடியாதது, உங்களுடையது மேலே சொன்ன மூன்றில் எது என்பது. இரண்டு சேர்ந்தும் இருக்கலாம், சென்சார் 6, 7 டிகிரி குறைத்துக் காட்டி, மீதியைச் செங்கல் சூடு ஏற்றிவிடுகிற ஸ்டோர்களும் உண்டு.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சூடு மீறியதும் பயந்துபோய் மெயினை ஆஃப் செய்யும் பழக்கம் உங்கள் ஆட்களுக்கு இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ப்ளோயர் நின்றுபோனால் கிண்ணத்துத் தீ பின்பக்கமாக ஸ்க்ரூ குழாய்க்குள் ஊர்ந்து, பெல்லட் கொட்டி வைக்கும் ஹாப்பர்வரை போக வாய்ப்பிருக்கிறது, புகையும் உள்ளே திரும்பும். பர்னரின் ஸ்டாப் பட்டனை மட்டும் அழுத்தி, ப்ளோயர் தானாக நிற்கும்வரை விட்டுவிட வேண்டும். அடிக்கடி கரன்ட் போகும் இடமென்றால் ப்ளோயருக்கு மட்டுமாவது இன்வெர்ட்டர் வையுங்கள். ஹாப்பர் பக்கத்திலும் அடுப்பு மேலேயும் காசு அளவில் ஒரு வட்ட சுவிட்ச் இருக்கும், சூடு எல்லை மீறினால் ஸ்க்ரூவை நிறுத்துவது அதன் வேலை. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைச் சுற்றி வயர் போட்டு ஒதுக்கி வைத்திருந்தால் முதலில் அந்த வயரை எடுத்துவிட்டு, சுவிட்சை மறுபடி இணைத்துவிடுங்கள். பனிக்காலத்தில் வேலைக்கு வருகிறவர்கள் கதகதப்புக்காக அடுப்பறையில் படுத்துக்கொள்வார்கள், கதவையும் சாத்திக்கொள்வார்கள். மந்தமாக எரிகிற பெல்லட் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் தெரியவே தெரியாது. அவர்களுக்கு வேறு இடம் கொடுங்கள்.

இன்று ராத்திரி காய் போடுவதாக இருந்தால் தெர்மோஸ்டாட்டை 44-ல் வைத்து, பாதி ராத்திரிக்குப் பிறகு ஒரு ஆள் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூ நேரத்தைக் குறைக்கட்டும், காய்வதற்கு நேரம் கூடினாலும் பரவாயில்லை. காலையில் அந்த இரண்டு எண்களும் எழுதிய தாளையும், சென்சார் வயரில் ஒட்டியிருக்கும் எழுத்தையும், பர்னர் போர்டில் தெர்மோஸ்டாட் வயர் சேரும் இடத்தையும் போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டு அடுத்து எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.